சலூன் மாஸ்டரின் முதல் கட்டா

பத்து மணிக்கு வருவதாகக் கடிதம் போட்ட மனுஷன் ஒன்பதே காலுக்கே வந்து நின்றால் யாருக்குத்தான் கையும் காலும் ஓடும்? எக்ஸ்ரேக்கா மாடி ஹாலின் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு கார் வந்து நின்றது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கையில் தோல் பையுமாக ஒருவர் இறங்கினார். கராத்தே சம்மேளனத்துத் தேர்வாளர்தான். வேறு யார் ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை விறைப்பாகப் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கப் போகிறார்கள்?

"வந்துட்டாரு! பெல்ட்டைக் கட்டுங்க எல்லாரும்! வரிசையில நில்லுங்க!"

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதனால் கராத்தே கிளப்பில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரேக்கா. வயது நாற்பத்தொன்று, கறுப்பு பெல்ட், கிளப்பின் செயலாளர். கிளப்பைத் தொடங்கிய சலூன் மாஸ்டர் அவளுடைய சொந்தப் பெரியப்பா. தெருக்கோடியில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர். அறுபத்தெட்டு வயதாகிவிட்டது. அந்த நேரத்தில் ஹாலின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், வெளுத்துப்போன கறுப்பு பெல்ட்டோடு, பரீட்சை எழுத வந்த பிள்ளை மாதிரி முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். ஹால் பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். முப்பத்தொன்பது வருஷமாகக் கிளப் நடப்பது அங்கேதான். புதிதாக வந்த நிர்வாகம், சம்மேளனத்தின் அங்கீகாரம் இல்லாத கிளப்புக்கு மாதக் கடைசிக்கு மேல் சாவி கிடையாது என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிவிட்டது. இன்றைக்குத் தேர்வாளர் கையெழுத்துப் போட்டால் கிளப் இருக்கும். இல்லையென்றால் முப்பத்தாறு பேரும் அவரவர் வீட்டில் போய் டிவி பார்க்க வேண்டியதுதான்.

தேர்வாளர் பார்க்கப்போவது இரண்டே இரண்டு. ஒன்று, கிளப்பின் வரலாறு, இரண்டு பக்கத்தில். இன்னொன்று, எல்லாரும் சேர்ந்து செய்கிற முதல் கட்டா. கட்டா என்றால் எதிரில் ஆளே இல்லாமல், வரிசை மாறாமல் செய்கிற அடியும் தடுப்பும் திரும்பலும். முதல் கட்டாவில் இருபத்தோரு அசைவு. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரலாறு பொய். கட்டாவோ, கடைசி இரண்டு மாதம் போக, முப்பத்தெட்டு வருஷம் பத்து மாதமாகத் தப்பு.

தப்பைக் கண்டுபிடித்தவள் எக்ஸ்ரேக்காதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் சம்மேளனம் ஒரு வீடியோ அனுப்பியது. சாப்பாட்டு இடைவேளையில் எக்ஸ்ரே அறையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். பார்த்ததும் வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. வீடியோவில் செய்கிறவர் முதலில் இடது பக்கம் திரும்பி இடது கையால் தடுத்தார். கிளப்பில் எல்லாரும் முதலில் வலது பக்கம் திரும்பி வலது கையால் தடுப்பார்கள். ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். இருபத்தொன்றும் தலைகீழ். எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு இடது வலது என்பது விளையாட்டு இல்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஈய எழுத்தை வைத்து இது எந்தப் பக்கம் என்று சொல்வதே அவள் வேலை. அது மாறினால் நல்ல காலைப் பிடித்துக் கட்டுப் போட்டுவிடுவார்கள்.

இத்தனை வருஷம் யாருக்குமே தெரியாமலா இருந்தது என்று கேட்கலாம். தெரிந்தவர்கள் சொல்லத்தான் செய்தார்கள். கேட்டால்தானே? வெளியூர்க்காரன் சொன்னால் "எங்களுது ஒரிஜினல், உங்களுதுதான் டூப்ளிகேட்" என்று வெல்டர் சண்டைக்குப் போவார். பையன்கள் போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னால் "செல்பி கேமராவுல எல்லாம் திரும்பித்தான்டா தெரியும்" என்று அடக்கிவிடுவார். வெல்டர் கிளப்பின் முதல் மாணவர். பதினைந்து வயதில் சேர்ந்தவருக்கு இப்போது ஐம்பத்துநாலு. நல்ல மனுஷன், ஆனால் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அவள் சலூனுக்குப் போனாள். கடைசி ஆளுக்குச் சவரம் முடித்து அனுப்பிவிட்டு, பெரியப்பா துண்டை உதறிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, நம்ம கட்டா பூராவும் பக்கம் மாறி இருக்கு."

அவர் "எந்தக் கட்டா?" என்று கேட்கவில்லை. "யார் சொன்னது?" என்றும் கேட்கவில்லை. துண்டை மடித்து வைத்தார்.

"இந்த நாற்காலியில உக்காரு. கண்ணாடியில என்ன தெரியுது?"

"என் மூஞ்சிதான்."

"அது தெரிஞ்ச கதைதானே. பின்னாடி?"

"வாசல். ரோடு. எதிர்ல பெயிண்ட் கடை."

"அந்தப் பெயிண்ட் கடை அப்ப குடோன். கப்பல்ல என்ஜினியரா இருந்த ஒருத்தர், கப்பல் ரிப்பேர்னு இங்க வந்து தங்கினார். தினம் காலையில அங்க கராத்தே கிளாஸ் எடுத்தார். கதவைத் தொறந்து போட்டுத்தான் நடத்துவாங்க. எனக்கு எல்லாம் தெரியும், இந்தக் கண்ணாடியில."

"அப்ப, அந்தக் கப்பல் மாஸ்டர்கிட்ட மூணு வருஷம் சீடரா இருந்தீங்கன்னு சொல்றது?"

"கண்ணாடியில ஒம்பது மாசம் பாத்தேன். அவ்வளவுதான்."

எக்ஸ்ரேக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"போய்ச் சேத்துக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே. நடத்துனவங்க இடம் இல்லன்னுட்டாங்க. உள்ள பதினோரு பேர்தான் நின்னாங்க. குடோன்ல நூறு பேர் நிக்கலாம்." அதைச் சொல்லும்போது மட்டும் பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"திரும்பி நேராவாவது பாத்திருக்கலாம் இல்ல?"

"கையில சவரக்கத்தி. கத்திக்குக் கீழ ஒருத்தர் கழுத்து. எங்கம்மா திரும்ப? எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டி நிப்பாங்க. முதுகைப் பாத்துச் செஞ்சா இடம் வலம் மாறாதுன்னு நினைச்சேன். நேரா பாத்தா மாறாதுதான். கண்ணாடியில மாறும்னு எனக்கு உறைக்கவே இல்ல. தினம் நூறு பேருக்குப் பின்னந்தலையைக் கண்ணாடியில காட்டுறவன்! எனக்கே உறைக்கலன்னா பாத்துக்கோ."

கப்பல் கிளம்பியதும் குடோன் கிளாஸ் நின்றுபோனது. அந்தப் பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மறக்காமல் விடாமல் செய்துகொண்டிருந்த ஒரே ஆள் சலூனில் இருந்தார். ஒருநாள் கடையை மூடிவிட்டு உள்ளே கட்டா செய்ததை வெல்டர் பார்த்துவிட்டார். அப்போது அவர் பட்டறையில் எடுபிடி. "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "கப்பல் மாஸ்டர்கிட்ட" என்று பெரியப்பா வாயில் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. அது வெல்டர் வாயில் மூன்று மாதமாகி, மூன்று வருஷமாகி, நேரடிச் சீடராகி, கப்பலுக்கே போய்க் கற்றுக்கொண்டு வந்ததாகி ஊர் முழுக்கச் சுற்றி வந்தது. மறுத்துச் சொல்ல ஒவ்வொரு வருஷமும் தைரியம் குறைந்துகொண்டே போனது.

"யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார் பெரியப்பா. "முக்கியமா வெல்டர்கிட்ட."

சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்தாள், வேறென்ன செய்வாள்? வரலாற்றில் தன் கையாலேயே 'மூன்று ஆண்டுகள் நேரடிச் சீடராகப் பயின்றார்' என்று எழுதினாள். கட்டாவை மட்டும் சம்மேளன முறைக்கு மாற்ற வேண்டும் என்று கிளப்பில் அறிவித்தாள். வெல்டர் எகிறிக் குதித்தார்.

"கப்பல் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை மாத்த நீ யாரு?"

"உங்களுக்கு ஹால் வேணுமா, வேண்டாமா?"

"முப்பத்தொம்பது வருஷ உடம்பு இது. தேர்வு அன்னைக்கு அது எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் போகும். நான் கேரண்டி குடுக்க முடியாது."

ஆனாலும் வந்தார். முணுமுணுத்துக்கொண்டே ஆறு வாரமும் வந்தார். முப்பத்தாறு பேரும் வேர்த்து விறுவிறுத்து இடது பக்கம் திரும்பப் பழகினார்கள். பெரியப்பாவால் மட்டும் முடியவில்லை. மூளை இடது என்று சொல்லும், கால் வலது பக்கம் கிளம்பும். ஒரு தடவை தன் காலே தன்னைத் தட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் அன்னைக்கு ஓரமா உக்காந்துக்கறேன்" என்று அவரே சொன்னார். எக்ஸ்ரேக்காவுக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் சரி என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தாள்: "முன்னாடி யார் நின்னாலும் சரி, என்ன நடந்தாலும் சரி, இடது பக்கம்தான்."

தேர்வாளர் படியேறி வந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். நாற்காலி போட்டார்கள், நன்றி என்றார். தோல் பையிலிருந்து அவள் எழுதிய வரலாற்றை எடுத்து, முழுசாக, ஒரு வரி விடாமல் படித்தார்.

"இந்தக் கப்பல் என்ஜினியர் எங்க ரெக்கார்டுல இருக்கார்" என்றார் தேர்வாளர். "ரொம்ப நல்ல பயிற்சியாளர். ஆனா அவர் இங்க இருந்தது ஒன்பது மாசம்தான்னு போட்டிருக்கு. நீங்க மூணு வருஷம்னு எழுதியிருக்கீங்களே?"

எக்ஸ்ரேக்கா பெரியப்பாவைப் பார்த்தாள். என்ன சொல்வது, யாரைக் காட்டிக்கொடுப்பது?

"மூணு வருஷம்தான் சார்!" முன்வரிசையிலிருந்து வெல்டர் குரல் கொடுத்தார். "எங்க மாஸ்டர் கப்பலுக்கே போய்க் கத்துக்கிட்டாரு. உங்க ரெக்கார்டைத் திருத்துங்க!"

கடவுளே என்று அவள் கண்ணை மூடித் திறந்தாள். தேர்வாளர் வெல்டரை ஒரு பார்வை பார்த்தார். கோபப்படவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறி பெரியப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

"சரி, கட்டாவைப் பாக்கலாம். தலைமைப் பயிற்சியாளர் முன்னாடி நிக்கட்டும்."

எக்ஸ்ரேக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"நீங்க செயலாளர். தலைமைப் பயிற்சியாளர்னு விண்ணப்பப் பாரத்துல இவர் பேர்தானே போட்டிருக்கு?" தேர்வாளர் மூலையில் இருந்த நாற்காலியைக் காட்டினார். "அவர்தான் நடத்தணும். அது விதி."

அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. பாரத்தை நிரப்பியவள் அவள்தான். பெரியப்பா இருக்கும்போது அந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுத மனசு வராமல், மரியாதைக்கு அவர் பெயரைப் போட்டுவிட்டாள். அந்த மரியாதை இப்போது கழுத்தில் கத்தியாக வந்து நின்றது.

"அவருக்கு முட்டி வலி சார்..."

"வலியெல்லாம் இல்ல" என்று பெரியப்பா எழுந்தார். பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு, நிதானமாக நடந்து, எல்லாருக்கும் முன்னால், தேர்வாளரைப் பார்த்து நின்றார். அவருக்கு நேர் பின்னால் எக்ஸ்ரேக்கா. அவளுக்கு வலது பக்கம் வெல்டர். அவர்களுக்குப் பின்னால் ஆறு வரிசை.

"இடது பக்கம், பெரியப்பா" என்று உதடு அசையாமல் சொன்னாள்.

அவர் பின்னந்தலை மெல்ல ஆடியது. கேட்டுவிட்டது. குனிந்து வணங்கினார்கள். தேர்வாளர் "ஆரம்பிங்க" என்றார்.

பெரியப்பாவின் தோள் வலது பக்கம் அசைவதை அவள் பார்த்தாள்.

ஒரு கண் சிமிட்டுகிற நேரம்கூட இருந்திருக்காது. அதற்குள் என்னென்னவோ மனசில் ஓடியது. அவரோடு வலது பக்கம் போனால் பின்னால் நிற்கிறவர்களும் போவார்கள், கிளப் போய்விடும். இடது பக்கம் போனால் முப்பத்தாறு பேருக்கு முன்னால் அவரைத் தனியாக நிற்க விட்டதாகிவிடும். பன்னிரண்டு வயதில் ஒரே பெண் பிள்ளையாக இந்த ஹாலில் வந்து நின்றபோது, "எவனாவது சிரிச்சீங்க, தொலைச்சிடுவேன்" என்று அவளுக்காகச் சத்தம் போட்டவர் அவர்.

அவள் இடது பக்கம் திரும்பினாள்.

இடது கையால் கீழே தடுத்தாள். வலது காலை முன்னால் வைத்துக் குத்தினாள். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. வெல்டர் எந்தப் பக்கம் போனார்? அவர் வலது பக்கம் போனால் பாதிப் பேர் அவர் பின்னால் போவார்கள், சந்தேகமே இல்லை. மூன்றாவது அசைவுக்கு வலது பக்கமாக முழுசாகச் சுழன்று திரும்பினாள். திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது வெல்டரின் முதுகு. சரியான பக்கம்! அவரும் இடது பக்கம்தான் வந்திருக்கிறார். எல்லாரும் வந்திருக்கிறார்கள். அந்த முதுகைத் தாண்டி, முன்னால், பெரியப்பாவின் முகம். அவரும் அந்த நொடியில் எதிர்ப்பக்கமாகச் சுழன்று இவர்களைப் பார்த்து நின்றார். முப்பத்தாறு பேரும் ஒரு பக்கம், தான் ஒருவன் மட்டும் ஒரு பக்கம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் கண்ணை நேராகப் பார்த்தார். அவள் செத்துப்போனாள்.

அவர் நிறுத்தவில்லை. நடுவில் மாறிக்கொள்ளவும் இல்லை. தெரிந்ததை, தெரிந்த பக்கத்திலேயே, கடைசி அசைவு வரை செய்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த வயதில் அந்தக் காலும் கையும் அப்படி நின்றன. இந்தப் பக்கம் முப்பத்தாறு பேர் குத்தினால் அந்தப் பக்கம் அவர் ஒருவர் குத்தினார். ஒரு மயிரிழை முந்தவில்லை, பிந்தவில்லை. இருபத்தொன்று முடிந்தபோது எல்லாரும் புறப்பட்ட இடத்தில் நின்றார்கள்.

தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

"எல்லாரும் ஒரு பக்கம். இவர் மட்டும் வேற பக்கம். இது என்ன?"

பொய் எங்கிருந்து வந்ததோ தெரியாது. எக்ஸ்ரேக்காவின் வாயிலிருந்து வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"அது எங்க கிளப் வழக்கம் சார். மாஸ்டர் வேணும்னே எதிர்ப்பக்கமா செய்வார். பின்னாடி நிக்கிறவங்க அவரைப் பாத்துக் காப்பி அடிக்காம, தானா செய்யறாங்களான்னு சோதிக்கிறதுக்கு."

தேர்வாளர் புருவத்தை உயர்த்தினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "அடேயப்பா! இத்தனை வருஷத்துல நான் எத்தனையோ கிளப் பாத்தாச்சு. இப்படி ஒண்ணு பாத்ததில்ல."

"ஆமா சார், முப்பத்தொம்பது வருஷமா இப்படித்தான்" என்றார் வெல்டர், கூச்சமே இல்லாமல். பின்வரிசைகளில் முப்பத்துச் சொச்சம் தலைகள் ஆமாம் ஆமாம் என்று ஆடின.

தேர்வாளர் எழுதத் தொடங்கினார். எக்ஸ்ரேக்காவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கிளப்பும் பிழைத்தது, பெரியப்பாவின் மானமும் பிழைத்தது. ஒரே கல்லில் எல்லாம் முடிந்துவிட்டது.

"இல்ல சார்" என்றார் பெரியப்பா.

பேனா நின்றது.

"இவ பொய் சொல்றா. இவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. எனக்காகச் சொல்றா." தேர்வாளரை நேராகப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்ச பக்கம் அதுதான் சார். தப்பான பக்கம். எதிர்க் குடோன்ல நடந்த கிளாஸை, சவரம் பண்ணிக்கிட்டே என் கடைக் கண்ணாடியில பாத்துக் கத்துக்கிட்டேன். பக்கம் மாறிப்போச்சு. கப்பல் மாஸ்டர்கிட்ட நான் ஒரு நாள்கூட நின்னதில்ல. ஒரே ஒரு தடவை அவருக்கு முடி வெட்டியிருக்கேன்."

"பெரியப்பா, வேண்டாம்..."

"நீ சும்மா இரு. ஒரு பொய்யை நான் முப்பத்தொம்பது வருஷம் சுமந்தாச்சு. இன்னொண்ணை உன் தலையில ஏத்திவிட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது."

எக்ஸ்ரேக்கா வெல்டர் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தாள். பக்கத்தில் அவருடைய மூச்சு மட்டும் துருத்தி மாதிரி கேட்டது. அப்புறம் அவர் வரிசையை விட்டு விலகி, கதவைப் படாரென்று திறந்துகொண்டு வெளியே போனார்.

தேர்வாளர் எழுதியதை அடித்தார். பேனாவை மூடினார், திறந்தார்.

"வரலாறு பொய்னு நான் கண்டுபிடிச்சா மனுவைத் தள்ளுபடி பண்ணணும். அது விதி" என்றார். "ஆனா நான் கண்டுபிடிக்கல. நீங்களே சொல்லிட்டீங்க. முப்பத்தாறு பேரும் சரியா, சுத்தமா செஞ்சாங்க. அவங்களைத் தள்ள எனக்கு மனசு இல்ல. கிளப்புக்கு அங்கீகாரம் உண்டு."

யாரோ பின்னால் கைதட்டப்போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். தேர்வாளர் இன்னும் முடிக்கவில்லை.

"தலைமைப் பயிற்சியாளர் தேர்ச்சி பெறல. இனிமே இவர் இங்க முன்னாடி நின்னு சொல்லிக்கொடுக்க முடியாது. இதுல செயலாளர் கையெழுத்துப் போடணும்."

தாளை அவள் பக்கம் நீட்டினார். பெரியப்பாவின் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி இல்லை' என்று எழுதியிருந்தது. எக்ஸ்ரேக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போட மாட்டேன்."

"போடுடி" என்றார் பெரியப்பா. "நான் தப்பாத்தானே செஞ்சேன்?"

"அவரைக் கழிச்சுட்டு எங்களுக்கு எதுக்கு சார் கிளப்பு?"

"பேசாம போடு. என்னைப் பாத்துக் கத்துக்கிட்டவங்க முப்பத்தாறு பேரும் பாஸ். அதைப் பாரு."

போட்டாள். கண்ணீரில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது. தேர்வாளர் அதை வாங்கிக்கொண்டு, இரண்டு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார். "வரலாற்றைத் திருத்தி எழுதிக் குடுங்க. கீழ கார்ல உக்காந்திருக்கேன். அவசரம் இல்ல." படியிறங்கும் முன்னால் பெரியப்பாவைப் பார்த்து நின்றார். இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

எக்ஸ்ரேக்கா எழுத உட்கார்ந்தாள். பெரியப்பா எதிரில் உட்கார்ந்தார். மற்றவர்கள் சுவரோரமாக நின்றார்கள். குடோன், கண்ணாடி, ஒன்பது மாதம், எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். முதல் தாள் முடியும் சமயத்தில் கதவு திறந்தது. வெல்டர் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது. நேராக வந்து மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். அடித்துவிடுவாரோ என்று எக்ஸ்ரேக்கா எழுந்துவிட்டாள்.

"அப்ப நான் யார்கிட்ட கத்துக்கிட்டேன்?" என்றார் வெல்டர்.

"என்கிட்ட."

"ஊரெல்லாம் கப்பல் மாஸ்டர், கப்பல் மாஸ்டர்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே! அதுக்காக எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருப்பேன்! அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்ல மாஸ்டர்?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்பியா?"

வெல்டர் வாயைத் திறந்தார். பதினைந்து வயதில் தான் எப்படி இருந்தோம் என்று யோசித்தாரோ என்னவோ, ஊன்றியிருந்த கை மெல்ல நழுவியது.

"வந்திருக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, அத்தனை பேர் பார்க்க, பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து தேம்பினார்.

"சரி, விடு. நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்று பெரியப்பா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

எக்ஸ்ரேக்கா இரண்டாவது தாளை எடுத்தாள். 'கிளப்பின் முதல் மாணவர்' என்று எழுதி, அதற்கு எதிரே வெல்டரின் பெயரை எழுதப் போனாள். வெல்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என் பேரை ரெண்டாவதா எழுது" என்றார். "முதல்ல கத்துக்கிட்டவர் மாஸ்டர்தானே, அவர் பேரை எழுது."

அவள் எழுதினாள்.